டிரைசின் பஃபர்: டப்பாவுல போட்ட நம்பரும் நம்ம ஊர் வெயிலும்

லேப் அலமாரியில டிரிஸ், கிளைசின், ஹெப்பீஸ் டப்பாக்களுக்கு நடுவுல டிரைசின்னு ஒரு வெள்ளப் பவுடர் இருக்கும். புரோட்டோகால்ல அந்தப் பேர் வந்தா மட்டும் எடுத்து எடை போட்டு கலக்கிட்டு திரும்ப அங்கயே வெச்சிடுவாங்க, அது என்ன ஏதுன்னு யோசிக்க யாருக்கும் நேரம் இருக்கறதில்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பயோடெக், பயோகெமிஸ்ட்ரி படிக்கிற தம்பி தங்கச்சிங்க இதப்பத்தி கேக்குறது முக்கியமா ரெண்டு கேள்வி. டிரிஸ் பஃபர் இருக்கும்போது இந்த டிரைசின் பஃபர் எதுக்கு? காலையில பிஹெச் (எவ்வளவு ஆசிட், எவ்வளவு ஆல்கலின்னு சொல்ற நம்பர்) செட் பண்ணி ஃப்ரிட்ஜ்ல வெச்சா அடுத்த நாள் மீட்டர் ஏன் வேற நம்பர் காட்டுது? ரெண்டுக்குமே பதில் அந்த மூலக்கூறோட அமைப்புல இருக்கு, அத ஒருதடவ ஒழுங்கா புரிஞ்சிக்கிட்டா அப்புறம் எந்த பஃபர கையில எடுத்தாலும் இதே மாதிரி யோசிக்க வரும்.

முதல்ல பஃபர்னா என்னன்னு பாத்துடுவோம். ஒரு தண்ணியில ஆசிட் கொஞ்சம் விழுந்தாலும் ஆல்கலி கொஞ்சம் விழுந்தாலும் பிஹெச் பெருசா அசையாம புடிச்சு வெக்கிற கரைசல்தான் பஃபர். நம்ம கே.ஆர்.பி. டேம நெனச்சுக்கோங்க. 52 அடி டேம், பாதி தண்ணி இருக்குற சமயத்துல மேல இருந்து தென்பெண்ணையில வெள்ளம் வந்தாலும் வாங்கி வெச்சுக்கும், கீழ வயலுக்கு வேணும்னாலும் தொறந்து விடும். முழுசா நெறஞ்சிட்டா வர்ற வெள்ளம் அப்படியே கீழ போயிடும், வத்திப்போயிட்டா குடுக்க ஒண்ணும் இருக்காது. பஃபர்ல தண்ணிக்கு பதிலா ஹைட்ரஜன் அயனி. பஃபர் மூலக்கூறுல பாதி ஹைட்ரஜன் அயனிய புடிச்சுக்கிட்டும் பாதி விட்டுட்டும் இருக்குற அந்த பிஹெச்சத்தான் பிகேஏன்னு சொல்றாங்க, அங்கதான் அதுக்கு வலு அதிகம். அந்த நம்பர்ல இருந்து மேலயும் கீழயும் ஏறக்குறைய ஒரு யூனிட் வரைக்கும் வேலை செய்யும், அத தாண்டினா சும்மா உப்புத்தண்ணிதான்.

இப்ப டிரைசின். கிளைசின் உங்களுக்கு தெரிஞ்சதுதான், அமினோ ஆசிட்லயே ரொம்ப சின்னது, ஒரு பக்கம் அமினோ குரூப்பு, இன்னொரு பக்கம் கார்பாக்சில் குரூப்பு. அந்த அமினோ குரூப்புல இருக்குற நைட்ரஜன் மேல டிரிஸ்ல இருக்குற அந்த மூணு ஹைட்ராக்ஸிமெத்தில் கையோட கார்பன ஒட்ட வெச்சா கிடைக்கறது டிரைசின். ஒரு மூலக்கூறுல 6 கார்பன், 13 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 5 ஆக்ஸிஜன், மூலக்கூறு எடை 179.17. தண்ணியில நல்லா கரையும். கரைச்சவுடனே கார்பாக்சில் பக்கம் மைனஸ், நைட்ரஜன் பக்கம் ப்ளஸ்ஸுன்னு ரெண்டு சார்ஜும் ஒரே மூலக்கூறுல இருக்கும், இத ஸ்விட்டர்அயான்னு சொல்லுவாங்க. ரெண்டு சார்ஜும் இருக்கறதால செல்லோட கொழுப்புச் சவ்வு வழியா உள்ள நுழையறது கஷ்டம், அதனால செல்லுக்கு வெளிய மட்டும் பிஹெச்ச புடிக்கணும்னா இது ரொம்ப தோதா இருக்கும்.

கிளைசினோட அமினோ பக்க பிகேஏ 9.8 கிட்ட. உயிரியல் வேலைக்கு அது ரொம்ப மேல, பெரும்பாலான என்சைம் 7, 8 பக்கம்தான் ஒழுங்கா வேலை செய்யுது. அந்த மூணு ஹைட்ராக்ஸில் குரூப்பும் ஆக்ஸிஜனால எலக்ட்ரான தன் பக்கம் இழுக்குது, நைட்ரஜனுக்கு ஹைட்ரஜன் அயனிய புடிச்சு வெக்கிற தெம்பு கொறையுது, அதனால பிகேஏ 8.15-க்கு எறங்கி வந்துடுது. அது 20 டிகிரி கணக்கு. இதனாலதான் டிரைசின 7.4-ல இருந்து 8.8 வரைக்கும் யூஸ் பண்ணலாம்னு கேட்டலாக்ல போடுறாங்க.

இத உண்டாக்குனதுக்குப் பின்னாடி ஒரு நல்ல காரணம் இருக்கு. மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில நார்மன் குட்னு ஒரு விஞ்ஞானி, இலையில இருந்து குளோரோபிளாஸ்ட்ட பிரிச்செடுத்து ஒளிச்சேர்க்கைய பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்ப கைவசம் இருந்த பழைய பஃபருங்க குளோரோபிளாஸ்ட்டோட வேலையிலயே குறுக்க நின்னுச்சு. அளக்க வேண்டியத கெடுக்கற பஃபர வெச்சு என்னத்த அளக்கறது? 1966-ல அவரும் கூட இருந்தவங்களும் 12 பஃபர் பத்தி ஒரு கட்டுரை போட்டாங்க, அதுல 10 ஸ்விட்டர்அயான் வகை, கிளைசின் இல்லன்னா டாரின்ங்கற இன்னொரு சின்ன மூலக்கூறு மேல கட்டுனது. டிரைசின், பைசின், ஹெப்பீஸ், மெஸ் எல்லாம் அந்த குடும்பம்தான். தண்ணியில நல்லா கரையணும், சவ்வ தாண்டக்கூடாது, புரோட்டீன் அளக்கற அந்த அல்ட்ராவயலட் வெளிச்சத்த உறிஞ்சக்கூடாது, உலோகத்த இழுத்துக் கட்டக்கூடாது, என்சைம் இத தின்னக்கூடாது, சூட்டுக்கு பிகேஏ ரொம்ப ஆடக்கூடாதுன்னு ஒரு நல்ல பஃபருக்கு என்னென்ன வேணும்னு தெளிவா வகுத்தாங்க. டிரைசின் அதுல பெரும்பாலானத தாண்டி வந்துடுது, ரெண்டு இடத்துல மட்டும் கொஞ்சம் இடறும், ஒண்ணு சூடு, இன்னொண்ணு உலோகம். நம்ம ஊர்ல வேலை செய்யறவங்களுக்கு இந்த ரெண்டும்தான் முக்கியமான விஷயம்.

சூட்ட எடுத்துக்குவோம். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் டிரைசினோட பிகேஏ 0.021 எறங்குது. படிக்கும்போது சின்ன நம்பராத்தான் தெரியும். ஆனா ஏப்ரல் மாசம் தர்மபுரியில ஏசி இல்லாத லேப்ல மத்தியானம் 35 டிகிரி சாதாரணமா இருக்கும், கரன்ட் போயிட்டா இன்னும் மேல. அங்க பிஹெச் 8.0-ன்னு செட் பண்ணி அந்த பாட்டில 4 டிகிரி ஃப்ரிட்ஜ்ல வெச்சீங்கன்னா 31 டிகிரி வித்தியாசம், 31-ஐ 0.021-ஆல பெருக்குனா 0.65. அதாவது நீங்க ஐஸ் மேல வெச்சு என்சைம் போடும்போது பஃபர் 8.0-ல இல்ல, 8.65-ல இருக்கு. டிரிஸ்ஸா இருந்தா டிகிரிக்கு 0.028, கிட்டத்தட்ட 0.87 ஏறியிருக்கும், இன்னும் மோசம். ஹெப்பீஸ்னா 0.43 மாதிரி. பாஸ்பேட் இந்த விஷயத்துல கெட்டி, 0.1 கூட அசையாது. ஓசூர்ல அதே சமயத்துல சில டிகிரி கம்மியா இருக்கும், அதனால ரெண்டு ஊர்லயும் ஒரே புரோட்டோகால், ஒரே கம்பெனி பவுடர், ஒரே மீட்டர் இருந்தும் ரிசல்ட்டு ஒத்துப்போகலன்னா கெமிக்கல திட்டறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர பாக்கணும்.

இங்க நெறைய பேர் சொல்ற ஒரு சமாதானம் இருக்கு, எங்க மீட்டர்ல டெம்பரேச்சர் காம்பென்சேஷன் இருக்கு, அதுவே சரி பண்ணிக்கும்னு. அது சரி பண்றது எலக்ட்ரோடு குடுக்குற மில்லிவோல்ட்டத்தான். சூட்டுக்கு ஏத்த மாதிரி எலக்ட்ரோடோட சரிவு மாறும், அத கணக்குல எடுத்துக்கிட்டு இந்த நிமிஷம் இந்த சூட்டுல பிஹெச் எவ்வளவுன்னு சரியா காட்டும், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ்ல போனா உங்க பஃபர் எவ்வளவு மாறும்னு அதுக்கு தெரியாது, தெரிய வழியும் இல்ல.

கையால செஞ்சு பாத்தா இது இன்னும் நல்லா வெளங்கும். 0.1 மோலார் டிரைசின் 500 மில்லி வேணும்னு வைங்க. 8.96 கிராம் எடை போட்டு, 400 மில்லி தண்ணியில போட்டு மேக்னெட்டிக் ஸ்டிர்ரர்ல விடுங்க. வெறும் பவுடர் கரைஞ்ச தண்ணி 5 பக்கத்துல பிஹெச் காட்டும், அதனால ஏத்தறதுக்கு சோடியம் ஹைட்ராக்சைடு விடணும். 25 டிகிரியில பிகேஏ 8.05, அங்க 8.0-க்கு கொண்டு வரணும்னா 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு ஏறக்குறைய 23, 24 மில்லி போகும். அதே வேலைய 35 டிகிரியில செஞ்சா பிகேஏ 7.83-க்கு எறங்கியிருக்கும், 8.0 காட்டணும்னா கிட்டத்தட்ட 30 மில்லி போகும். மீட்டர்ல ரெண்டுமே 8.0. ஆனா பாட்டிலுக்குள்ள ஆறு மில்லி ஆல்கலி வித்தியாசம் இருக்கு, அந்த வித்தியாசம் குளுரும்போதுதான் வெளிய வருது. அதனால பஃபர எந்த சூட்டுல யூஸ் பண்ணப் போறீங்களோ அந்த சூட்டுக்கு கொண்டு வந்து பிஹெச் செட் பண்ணுங்க, ஐஸ் வேலைன்னா பீக்கர ஐஸ்ல வெச்சு செட் பண்ணுங்க, மீட்டரோட ஸ்டாண்டர்டு பஃபரையும் அதே சூட்டுக்கு கொண்டு வாங்க. அது முடியலன்னா கணக்கு போட்டு முன்னாடியே கம்மியா செட் பண்ணுங்க. லேபிள்ல பிஹெச் 8.0-ன்னு மட்டும் எழுதினா அது பாதி தகவல்தான், எத்தன டிகிரியில 8.0-ங்கறதும் பக்கத்துலயே இருக்கணும். பிஹெச் சரி பண்ணினதுக்கு அப்புறம்தான் 500-க்கு தண்ணி நிரப்பணும், இத மாத்தி செய்யறவங்க இன்னும் இருக்காங்க.

தண்ணின்னதும் நம்ம மாவட்டத்து தண்ணி விஷயத்துக்கு வந்தே ஆகணும். தர்மபுரி, கிருஷ்ணகிரி நெலத்தடி தண்ணியில ஃப்ளோரைடு அதிகம்னு ஊருக்கே தெரியும், பல்லு மஞ்சளா கறை படிஞ்ச பசங்கள நாம பள்ளிக்கூடத்துல பாத்து வளந்தவங்க, ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டமே அதுக்காக வந்ததுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம தாண்டினா குடிக்கவே ஆகாதுன்னு வரம்பு வெச்சிருக்காங்க. அதோட கால்சியம், மெக்னீசியம் உப்பும் சேந்து வருது, கெட்டில்ல படியற வெள்ள படலம் அதுதான். ஃப்ளோரைடு ஈனோலேஸ் மாதிரி சில என்சைம நிறுத்தியே வெச்சிடும். டிஸ்டிலேஷன் செட் ரிப்பேர்னு ஆர்.ஓ. கேன் தண்ணிய ஊத்தி பஃபர் கலக்கறது சில இடத்துல நடக்குது, தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க, ரெண்டு தடவ டிஸ்டில் பண்ணின தண்ணி கிடைக்கிற வரைக்கும் வேலைய தள்ளிப் போடுங்க.

ஏன்னா டிரைசின் உலோகத்த புடிக்கும். நைட்ரஜனும் கார்பாக்சிலும் பக்கத்து பக்கத்துல இருக்கு, ஹைட்ராக்ஸிலும் துணைக்கு வரும், மூணும் சேந்து உலோக அயனிய வளைச்சுக்கும். மெக்னீசியத்த ரொம்ப லேசாத்தான் புடிக்கும், கால்சியம், மாங்கனீச அதவிட கொஞ்சம் கூட, காப்பர ரொம்ப கெட்டியா. என்சைமுக்கு காப்பரோ ஜிங்க்கோ தேவைன்னா டிரைசின் அத பிடுங்கிக்க வாய்ப்பு இருக்கு, அந்த மாதிரி வேலைக்கு வேற பஃபர் பாருங்க. அதவிட அடிக்கடி மாட்டிக்கற இடம் புரோட்டீன் எஸ்டிமேஷன், அதாவது சாம்பிள்ல புரோட்டீன் எவ்வளவுன்னு அளக்கறது. லவ்ரி முறையும் பிசிஏ முறையும் ஓடறதே காப்பர் அயனிய வெச்சு, புரோட்டீன் காப்பர ரெட்யூஸ் பண்ணி கலர் வரணும். நடுவுல டிரைசின் வந்து காப்பர புடிச்சுக்கிட்டா கலர் கணக்கு கெட்டுப்போயிடும். டிரைசின் சாம்பிளுக்கு பிராட்ஃபோர்டு முறை போங்க, அதுல காப்பர் கெடையாது. லவ்ரிதான் வேணும்னா முதல்ல புரோட்டீன டிசிஏ (டிரைகுளோரோ அசெட்டிக் ஆசிட்) போட்டு படிய வெச்சு பஃபர கழுவிட்டு செய்யுங்க.

இன்னொரு சின்ன விஷயம், வெளிச்சம். ஃப்ளேவின் வகை, அதாவது ரைபோஃப்ளேவின் மாதிரியோ எஃப்எம்என் மாதிரியோ கூட இருந்தா டிரைசின் வெளிச்சத்துல ஆக்ஸிடைஸ் ஆகும். ஃப்ளேவின் என்சைம் பாக்கறவங்க ட்யூப்ல அலுமினியம் ஃபாயில் சுத்திக்கோங்க. பவுடர் டப்பா மூடி இறுக்கமா இருந்தா போதும், கலக்கின பஃபர 0.2 மைக்ரான்ல ஃபில்டர் பண்ணி ஃப்ரிட்ஜ்ல வைங்க, பூஞ்சை நூல் மாதிரி ஏதாவது மெதந்தா கொட்டிடுங்க.

இவ்வளவு சொல்லிட்டு எங்க யூஸ் ஆகுதுன்னு சொல்லலன்னா எப்படி. மின்மினிப்பூச்சியோட லூசிஃபெரேஸ் என்சைம் ஏடிபி (செல்லுக்கு எனர்ஜி குடுக்கற மூலக்கூறு), மெக்னீசியம், லூசிஃபெரின் மூணும் கிடைச்சா வெளிச்சம் விடும், அது நல்லா ஒளிரற பிஹெச் 7.8 பக்கம், அங்க டிரைசின் ரொம்ப நாளா பேர் போன பஃபர். சாப்பாட்டு ஃபேக்டரியில மெஷின் மேல ஒரு ஸ்வாப் தேச்சு அழுக்கு இருக்கா, கிருமி இருக்கான்னு ஏடிபி வெளிச்சத்த வெச்சு பாக்கற டெஸ்ட்டுக்கும் இதே வேதியியல்தான் அடிப்படை, கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஃபேக்டரிங்கள்ல குவாலிட்டி கன்ட்ரோல் வேலைக்கு போற பசங்க இத தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது. ஆஸ்பத்திரி நியூக்ளியர் மெடிசின்ல டெக்னீஷியம் 99எம்-ங்கற கதிரியக்க உலோகத்த ஒரு பெப்டைடுல (சின்ன புரோட்டீன் துண்டு) ஒட்ட வெக்கும்போது ஹைனிக்ங்கற கொக்கி மட்டும் பத்தாது, டெக்னீஷியத்த சுத்தி இன்னும் காலியா இருக்குற இடத்த அடைக்க டிரைசின போடறாங்க. லவ்ரியில தொந்தரவு குடுத்த அதே உலோகம் புடிக்கற குணம் அங்க உதவியா வந்து நிக்குது.

ஆனா டிரைசின்னு சொன்னா லேப்காரங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஜெல்தான். 1987-ல ஹெர்மன் ஷேகரும் கெப்ஹார்ட் ஃபான் யாகோவும் டிரைசின் எஸ்டிஎஸ் பேஜ் முறைய வெளியிட்டாங்க. எஸ்டிஎஸ்ங்கற சோப்பு மாதிரி பொருள் புரோட்டீன சுத்திக்கிட்டு மைனஸ் சார்ஜ் குடுக்கும், ஜெல்லுல கரன்ட் விட்டா புரோட்டீன் எடை வாரியா பிரியும், அதுதான் எஸ்டிஎஸ் பேஜ். அதுக்கு முன்னாடி, இப்பவும், எல்லாரும் ஓட்டறது 1970-ல லெம்லி குடுத்த டிரிஸ் கிளைசின் ஜெல். அது பெரிய புரோட்டீனுக்கு அருமை, 10 கிலோடால்டனுக்கு (மூலக்கூறு எடையோட அளவு) கீழ வந்தா பேண்ட், அதாவது ஜெல்லுல தெரியற புரோட்டீன் கோடு, பஞ்சு மாதிரி பரவிடும்.

நம்ம ஊர் உதாரணமே எடுத்துக்கலாம். தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்கு சுத்துவட்டார விவசாயிங்க கூடு கொண்டு வர்றாங்க, புழு நோயில ஒரு பேட்ச் போனா அவங்களுக்கு பெரிய அடி. பட்டுப்புழுவுக்கு நம்மள மாதிரி ஆன்டிபாடி கெடையாது, பாக்டீரியா உள்ள போனா அதோட கொழுப்புத் திசு செக்ரோபின் மாதிரி சின்னச் சின்ன பெப்டைடுகள செஞ்சு ஹீமோலிம்ஃப்ல, அதாவது புழுவோட ரத்தத்துல, விடும். செக்ரோபின் 35, 37 அமினோ ஆசிட் நீளம், ஏறக்குறைய 4 கிலோடால்டன். புராஜெக்ட்டுக்கு இத பாக்கணும்னு ஆசைப்பட்டு கிளைசின் ஜெல்ல ஓட்டினா அடியில நீலமா ஒரு கறைதான் தெரியும்.

காரணம் இது. ஜெல்லுல முன்னாடி குளோரைடு வேகமா ஓடும், பின்னாடி கிளைசின் மெதுவா வரும், நடுவுல புரோட்டீனெல்லாம் நெருக்கி ஒரு மெல்லிய கோடா அடுக்கும். கீழ் ஜெல்லுக்கு வந்ததும் கிளைசின் புரோட்டீன முந்திப் போகணும், அப்பதான் அடுக்கு கலைஞ்சு எடை வாரியா பிரியும். 4 கிலோடால்டன் பெப்டைடு எஸ்டிஎஸ் சுத்திக்கிட்டு ரொம்ப வேகமா ஓடுது, கிளைசின் அத முந்தவே முடியல, பெப்டைடு எஸ்டிஎஸ் கூட்டத்தோட கலந்தே கீழ வரைக்கும் போயிடுது. டிரைசின் ஜெல்லோட பிஹெச் 8.45. அங்க டிரைசின்ல 70 சதவீதம் நெகட்டிவ் சார்ஜோட இருக்கும், அதே பிஹெச்ல கிளைசின் இருந்தா 5 சதவீதம்தான். சார்ஜ் அதிகம், அதனால வேகம் அதிகம், சின்ன பெப்டைடையும் சீக்கிரமே முந்திடும், பெப்டைடு அடுக்குல இருந்து விடுபட்டு தன் எடைக்கு ஏத்த இடத்துல நிக்கும். பிகேஏ 9.8-ல இருந்து 8-க்கு எறங்கின அந்த ஒரு குணம் ஜெல்லுல இப்படி பலன் குடுக்குது.

செய்யறவங்களுக்கு சில விஷயம். டிரைசின் போறது மேல் டேங்க்ல மட்டும், அதாவது கேத்தோடு (மைனஸ் முனை) பஃபர்ல, லிட்டருக்கு டிரிஸ் 12.1 கிராம், டிரைசின் 17.9 கிராம், எஸ்டிஎஸ் 1 கிராம். பிஹெச் தானா 8.25 பக்கம் வந்து நிக்கும், அத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டு சரி பண்ணாதீங்க, மேல குளோரைடு வந்துட்டா அடுக்கற வேலையே நடக்காது. கீழ் டேங்க்ல வெறும் டிரிஸ் 0.2 மோலார், பிஹெச் 8.9, இதுக்கு ஆசிட் விடலாம். மேல் டேங்க்லயும் கீழ் டேங்க்லயும் வேற வேற பஃபர்ங்கறதால டேங்க் கசியாம பாத்துக்கணும். டிரிஸ் கிளைசின்னு எழுதின பாட்டிலும் டிரைசின்னு எழுதின பாட்டிலும் பக்கத்துல பக்கத்துல இருந்தா மாத்தி எடுத்துடுவாங்க, வேற தட்டுல வைங்க. முதல்ல 30 வோல்ட்ல சாம்பிள் மேல் ஜெல்ல தாண்டற வரைக்கும் பொறுமையா விடுங்க. கிளவுஸ் இல்லாம அக்ரிலமைட தொடாதீங்க, நரம்புக்கு கெடுதல்.

ஹீமோலிம்ஃப் புழுவோட காலு நுனிய வெட்டினா துளித்துளியா மஞ்சளா வரும், வெளிய வந்த கொஞ்ச நேரத்துல கறுக்க ஆரம்பிச்சிடும், ஃபீனால் ஆக்ஸிடேஸ் என்சைம் வேலை அது. அதனால ஐஸ்ல வெச்ச ட்யூப்ல ஃபீனைல்தயோயூரியா துளி போட்டு வெச்சு அதுல புடிக்கணும், அது விஷம், மாஸ்க் போட்டுக்கிட்டு எடை போடுங்க. மார்க்கர் லேன்ல இன்சுலின் இருக்குற லோ ரேஞ்ச் மார்க்கர் போடுங்க, 5.8 கிலோடால்டன், அதுக்கு கீழதான் நீங்க தேடற பேண்ட் வரணும். ஊசி குத்தாத புழு சாம்பிள் ஒண்ணும் பாக்டீரியா ஊசி போட்ட புழு சாம்பிள் ஒண்ணும் பக்கத்துல பக்கத்துல ஓட்டுங்க, புதுசா வர்ற பேண்ட் எதுன்னு அப்பதான் தெரியும். ஜெல் முடிஞ்சதும் மெத்தனால் அசெட்டிக் ஆசிட்ல ஃபிக்ஸ் பண்ணி கூமாசி ஜி250 நீலச் சாயம் போடுங்க. இவ்வளவு சின்ன பெப்டைடு ஜெல்லுல கெட்டியா தங்காது, ராத்திரி முழுக்க டீஸ்டெயின்ல (மிச்ச சாயத்த எடுக்கற கரைசல்) ஊற விட்டா கழுவிட்டு போயிடும், பேக்ரவுண்டு கொஞ்சம் நீலமா இருந்தாலும் பரவால்ல, பேண்ட் கண்ணுக்கு தெரிஞ்ச உடனே அன்னைக்கே ஃபோட்டோ எடுத்துடுங்க.